நாள்காட்டிப் பெட்டியில் ஓத நேரத்துக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் ஆண்டுக்குப் பல முறை, ஊர்ப்பெயர் மட்டும் மாறி, ஒரே தலைப்பில் ஒரு செய்தி வெளியாகிறது. 'கடல் திடீரென உள்வாங்கியது. பக்தர்கள் அச்சம்' என்பது அத்தலைப்பு. ஒரு மாதம் அது திருச்செந்தூராக இருக்கும், இன்னொரு மாதம் இராமேசுவரமாக இருக்கும். உடன் வரும் படத்தில் பாசி படிந்த பாறைகளும், அவற்றின்மேல் ஏறி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளும் மக்களும் தவறாமல் இருப்பார்கள். சில மணி நேரத்துக்குப் பிறகு கடல் இயல்பு நிலைக்குத் திரும்பியது என்று செய்தி முடியும். கடல் இயல்பு நிலையை விட்டு எங்கும் போய்விடவில்லை, உள்வாங்கியதும் அதன் இயல்புதான் என்று எழுத வேண்டுமெனப் பல முறை நினைத்துச் சோம்பலால் விட்டுவிட்டேன். சென்ற வாரம் அதே செய்தி அதே 'திடீரென' என்னும் சொல்லோடு மறுபடியும் வந்ததைக் கண்ட பிறகே இக்கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரிய உதயம், மறைவு, திதி, இராகு காலம், எமகண்டம் ஆகியவற்றை நாள்தோறும் அச்சிடும் பெட்டியில், சென்னையிலும் தெற்கே ஓரிரு கடற்கரை ஊர்களிலும் அன்றைய ஓதம், அதாவது கடல்நீர் உயரும் ஏற்றமும் தாழும் வற்றமும், எந்த நேரத்தில் நிகழும் என்பதையும் அச்சிட வேண்டும். அதனோடு, வற்றம் திறந்து காட்டும் கரை வெறும் பாறையோ வெறும் மணலோ அன்று, உயிர்கள் நெருக்கமாக வாழும் இடம் என்பதைச் செய்தியாளர்கள் ஒரு வரியிலாவது குறிப்பிட வேண்டும்.

வேலூரில் இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கக்கூடும். பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்கள் பக்கத்தில் 'ஓதம்' என்னும் சொல்லையே சுவருக்குத்தான் வைத்திருக்கிறோம். மழைக்காலத்தில் கீழிருந்து ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்தால் 'சுவர் ஓதம் அடிக்கிறது' என்போம். கடல் ஏறுவதற்கும் அதே சொல்தான் பெயர் என்பதை நான் புவியியல் ஆசிரியராகப் பணியில் சேர்ந்து, பாடநூலில் ஓதங்கள் என்னும் தலைப்பைக் கண்ட பிறகே கவனித்தேன். ஆனாலும் கடல் எங்களுக்கு முற்றிலும் அந்நியமன்று. காட்பாடி சந்திப்பில் இரயிலுக்குக் காத்திருப்பவர்கள், ஊர்ப் பெயர்ப்பலகையின் ஓரத்தில் கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பார்கள். ஒரு நிமிடம்கூட ஒரே அளவில் நிற்காத கடலுக்கு 'மட்டம்' எங்கிருந்து வந்தது என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். சென்னை உள்ளிட்ட துறைமுகங்களில் ஓதம் ஏறி இறங்கியதை ஆண்டுக்கணக்கில் அளந்து, அவற்றின் சராசரியைக் கண்டு, அங்கிருந்துதான் உள்நாட்டு உயரங்களை எண்ணத் தொடங்கினார்கள். காட்பாடியின் உயரத்துக்குள்ளும் கடலின் ஏற்றவற்றம் மறைந்திருக்கிறது என்று அவனுக்குச் சொன்னேன்.

ஓதம் நிகழும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலவின் ஈர்ப்பு, பூமியின் நிலவை நோக்கிய பக்கத்தில் சற்று மிகுதியாகவும் எதிர்ப்பக்கத்தில் சற்றுக் குறைவாகவும் இருப்பதால், கடல்நீர் இரு பக்கங்களிலும் புடைக்கிறது. பூமி சுழலும்போது நம் கரை அந்த இரண்டு புடைப்புகளையும் கடக்கிறது. அதனால் நாளொன்றுக்கு இரு முறை ஏற்றமும் இரு முறை வற்றமும் உண்டாகின்றன. நிலவும் இதற்கிடையே தன் பாதையில் நகர்ந்துவிடுவதால், அதே நிலைக்கு நம் கரை மீண்டும் வர 24 மணி 50 நிமிடம் ஆகிறது. ஆகவே இன்று காலை கண்ட ஏற்றம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் தாமதித்து வரும். சூரியனும் ஈர்க்கிறது, ஆனால் அதன் பங்கு நிலவின் பங்கில் பாதிக்கும் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே கோட்டில் அமைவதால் இரு ஈர்ப்புகளும் கூடி, நீர் மிகவும் ஏறி மிகவும் வற்றுகிறது. அட்டமியை ஒட்டி அவை குறுக்கே நிற்பதால் ஏற்றமும் வற்றமும் அடங்கிப்போகின்றன. அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் 'உவா' என்னும் ஒரே சொல்லால் அழைத்து, காருவா, வெள்ளுவா என்று பிரித்துச் சொன்ன பழந்தமிழ் வழக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. கடலைப் பொறுத்தவரை அவ்விரு நாட்களும் ஒன்றே அல்லவா? கரையோரம் வாழ்ந்தவர்கள் அதைக் கவனித்தே அப்படிப் பெயரிட்டார்களா என்பதை மொழியறிஞர்களிடம் விட்டுவிடுகிறேன்.

தமிழகக் கரையில் இந்த வேறுபாடு பெரிதன்று. சென்னையில் உவா நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 1 மீட்டர்தான் வேறுபாடு இருக்கும். இராமேசுவரம் பக்கத்தில் அதற்கும் குறைவு. குசராத்தின் காம்பே வளைகுடாவில், புனல்போலக் குறுகிச் செல்லும் கரைக்குள் நீர் நெருக்கப்படுவதால் அது 10 மீட்டரையும் எட்டுகிறது. கனடாவின் பண்டி வளைகுடாவில் 16 மீட்டர் வரை போகிறது. அப்படியிருக்க நம் ஊர்ச் செய்திகளில் 'கடல் 50 மீட்டர் உள்வாங்கியது' என்று எப்படி வருகிறது? அந்த 50 மீட்டர் உயரக் கணக்கன்று, தரைமேல் நடந்து அளந்த தூரக் கணக்கு. 50 அடிக்கு ஓர் அடி என்ற அளவில் சரியும் கரையில், நீர்மட்டம் 1 மீட்டர் இறங்கினால் நீரின் விளிம்பு 50 மீட்டர் விலகிவிடும். காற்றின் திசையும் பருவமும் அதனோடு சேர்ந்தால் இன்னும் சில மீட்டர் கூடலாம். இக்கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் போட்டுக்காட்டும். ஆனால் அச்சத்தோடு எழுதப்பட்ட செய்தியைப் படிக்கும் பெரியவர்களில் எத்தனை பேர் போட்டுப் பார்க்கிறார்கள்?

நான் வலியுறுத்த விரும்பும் செய்தி இனிமேல்தான் வருகிறது. எங்களைப் போன்ற உள்நாட்டு மக்கள் கடற்கரைக்குப் போகும் நாட்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். தை அமாவாசைக்கும் ஆடி அமாவாசைக்கும் இராமேசுவரத்தில் முன்னோருக்கு நீர்க்கடன் செய்யப் போகிறோம். மாசி மகத்துக்குச் சாமியோடு கடலாடப் போகிறோம். அதுவும் பௌர்ணமியை ஒட்டியே வருகிறது. சித்திரைப் பௌர்ணமிக்குக் கன்னியாகுமரிக்குப் போகிறோம். திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குச் செல்வதைப் போலவே, இப்போது பௌர்ணமி இரவைத் திருச்செந்தூர்க் கடற்கரையில் கழிப்பதற்கும் பெருங்கூட்டம் கிளம்புகிறது. நம் நாள்காட்டி நம்மைக் கடலுக்கு அனுப்பும் நாட்களெல்லாம் உவா நாட்களாகவே இருப்பதால், கடல் தன் அடித்தரையை மிக அதிகமாகத் திறந்து காட்டும் நாளில்தான் மிக அதிகமான கால்கள் அதன்மேல் படுகின்றன. மீனவர்களுக்கு இது நன்கு தெரியும். பேருந்தில் வந்து இறங்கும் நமக்குத்தான் தெரிவதில்லை. ஓதத்தின் உச்சம் உவா நாளுக்கு ஓரிரு நாள் பின்னிட்டும் வரக்கூடும் என்பதால், திருவிழா முடிந்த மறுநாள் ஓய்வாக நடக்கப் போகிறவர்களும் இக்கணக்கில் அடங்குவர்.

அந்தக் கால்களுக்குக் கீழே இருப்பது என்ன? பாறைக் கரையில் மேலிருந்து கீழாக உற்றுப் பார்த்தால் கோடு போட்டதுபோல் அடுக்குகள் தெரியும். மிக மேலே, திவலை மட்டுமே தெறிக்கும் இடத்தில், மிளகளவுள்ள நத்தைகள் வெடிப்புகளில் ஒண்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே கொட்டலசுகள் வெள்ளைப் பருக்களைப்போல் அப்பியிருக்கும். வெறுங்காலை அறுப்பவை இவைதாம். இவற்றைச் சிப்பி என்று நினைக்கிறோம், ஆனால் நண்டுக்கும் இறாலுக்கும் உறவான உயிர் இது. குஞ்சாக நீரில் மிதந்து வந்து, ஓர் இடத்தைத் தேர்ந்து தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டால், அதன்பின் சாகும்வரை நகர்வதில்லை. ஏற்றத்தில் நீர் மூடும்போது மேல்மூடியைத் திறந்து, இறகு போன்ற கால்களை நீட்டி, நீரில் வரும் நுண்ணுயிர்களை வாரி உண்கிறது. வற்றத்தில் சிறிது நீரை உள்ளே வைத்து மூடிக்கொண்டு வெயிலைத் தாங்குகிறது. டார்வின் 1846 முதல் 1854 வரை 8 ஆண்டுகளை இந்த உயிரின் ஆராய்ச்சிக்கே செலவிட்டார் என்றால், காலில் குத்தியதும் திட்டிவிட்டு நகரும் நாம் இதை இன்னும் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இந்த அடுக்குகள் ஏன் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன என்பதற்கு, கானல் என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் வெளியிட்ட ஆய்வு ஓர் அழகான விடை தருகிறது. ஸ்காட்லாந்துக் கரையில் மேலடுக்கில் ஒரு கொட்டலசு இனமும் கீழடுக்கில் இன்னொன்றும் வாழ்கின்றன. கீழடுக்கு இனம் மேலே போக முடியாமல் தடுப்பது உலர்ச்சி. வற்றத்தின்போது நெடுநேரம் நீரில்லாமல் இருக்க அதனால் முடியாது. மேலடுக்கு இனமோ கீழேயும் வாழ வல்லது, ஆனால் அங்கே வேகமாக வளரும் அண்டை இனம் அதை நெருக்கிப் பெயர்த்துவிடுகிறது. கூட்டுக் குடும்பத்துத் திண்ணையில் இடம் பிடிப்பதைப் போலத்தான். மேல் எல்லையை ஓதமும் வெயிலும் வகுக்க, கீழ் எல்லையைப் பக்கத்து வீட்டுக்காரர் வகுக்கிறார்.

கொட்டலசுக்கும் கீழே இறங்கினால் பச்சைப் பாசியும், அதை மேயும் கூடார வடிவ ஓட்டு நத்தைகளும் வரும். இந்நத்தைகளில் பல இனங்கள் நீர் மூடியிருக்கும் நேரத்தில் மேயப் போய்விட்டு, வற்றத்துக்கு முன் பாறையில் தம் ஓடு சரியாகப் பொருந்துமாறு தேய்ந்திருக்கும் அதே இடத்துக்குத் திரும்பிவிடுகின்றன. பாறைப் பள்ளங்களில் தேங்கிய நீரில், பூப்போலக் கைகளை விரிக்கும் விலங்கான கடற்சாமந்திகளும், நத்தைகளின் காலி ஓட்டில் குடியிருக்கும் துறவி நண்டுகளும், சிறு மீன்களும் அடுத்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும். அப்பள்ளம் குளிர்ச்சியாகத் தெரிந்தாலும் அங்கே வாழ்க்கை எளிதன்று. நண்பகல் வெயிலில் நீர் சூடேறி உப்பு கூடுகிறது, மழை பெய்தால் உப்பு சட்டென்று குறைகிறது, இரவில் பாசியும் விலங்குகளும் சேர்ந்து உயிர்வளியைத் தீர்க்கின்றன. இத்தனையையும் தாங்கும் அவ்வுயிர்கள் நம் கைப்பிடியைத் தாங்குவதில்லை. நீரில்லாத பாறையில் கடற்சாமந்தி தன் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கொழகொழத்த உருண்டையாகக் கிடக்கும். அதுவும் உயிர்தான் என்று தெரியாமலே மிதித்துவிடுகிறோம்.

மணற்கரை வெறுமையாகத் தோன்றினாலும் அங்கும் இதே ஒழுங்குதான் நடக்கிறது. மெரினாவில் அலை வந்து திரும்பும் ஈரப் பட்டையில், காலடி மணல் சரியும்போது விரலளவுக்கும் சிறிய முட்டை வடிவ நண்டுகள் பின்பக்கமாகவே மணலுக்குள் புதைவதைக் குழந்தைகள் கண்டிருப்பார்கள். அவை திரும்பும் அலையில் உணர்கொம்புகளை விரித்து உணவை வடிகட்டுகின்றன. சிறு மட்டிகளில் சில இனங்கள் ஏற்றத்தின்போது அலையோடு மேலேறி, வற்றத்தில் அலையோடு கீழிறங்குகின்றன. ஏற்றக்கோட்டுக்கு மேலே குழி தோண்டி வாழும் நண்டு இரவில் வெளிவந்து, கடல் ஒதுக்கியதைத் தின்கிறது. சனவரி முதல் மார்ச்சு வரை சென்னைக் கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் அக்கோடு வாழ்வா சாவா என்னும் கோடு. கோட்டுக்குக் கீழே குழி பறித்துவிட்டால், 45 முதல் 60 நாள் வரை மணலில் இருக்க வேண்டிய முட்டைகளுக்குள் கடல்நீர் புகுந்து, குஞ்சு பொரியாமலே போய்விடும்.

கரையுயிர்களில் பல ஓதத்தை வெளியே பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, உடலுக்குள்ளேயே கடிகாரமாக வைத்திருக்கின்றன. கரை நண்டுகளைப் பிடித்துக்கொண்டு போய் ஓதமே இல்லாத ஆய்வகத் தொட்டியில் விட்டாலும், சில நாட்கள் வரை தம் ஊர் ஏற்றத்தின் நேரத்துக்கே அவை சுறுசுறுப்பாகின்றன. கலிபோர்னியாக் கரையில் குருனியன் என்னும் சிறு மீன், உவா நாளுக்குப் பிந்தைய இரவுகளில் ஏற்றத்தின் உச்சியில் கரைமேல் துள்ளி ஏறி, மணலில் முட்டையிட்டுத் திரும்புகிறது. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து அடுத்த உவாவின் நீர் வந்து தொடும்போதுதான் குஞ்சுகள் வெளிவருகின்றன. நம் நாட்டில் ஒடிசா, மேற்கு வங்கக் கரைகளில் வாழும் குதிரைலாட நண்டும் உவா நாட்களின் ஏற்றத்தில் கரையேறி முட்டையிடும் உயிர்தான். வேலூர் மருத்துவமனைகளின் ஊர் என்பதால் இதை இங்கே சேர்க்கிறேன். குதிரைலாட நண்டின் நீல இரத்தம், நச்சுத்தன்மையுள்ள பாக்டீரியாப் பொருள் ஒரு துளி கலந்திருந்தாலும் உறைந்துவிடும். அமெரிக்கக் கரையில் வாழும் இனத்தின் இரத்தத்திலிருந்து செய்யப்பட்ட சோதனைப் பொருளுக்கு அந்நாட்டு மருந்துத் துறை 1977இல் ஒப்புதல் அளித்தது. நரம்பில் ஏற்றும் மருந்துகள் தூய்மையானவையா என்று கண்டறிய அச்சோதனை உலகெங்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. கடலையே காணாத நோயாளிக்கும் ஓதக்கரைக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தவன்போல் எழுதும் நான், ஒரு காலத்தில் இவற்றுக்குத் தீங்கு செய்தவர்களில் ஒருவன். 1994ஆம் ஆண்டு தை மாதத்தில், அப்போது நான் பணியாற்றிய பள்ளியிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றேன். நீர் நன்றாக வற்றியிருந்த நேரம். பாறைகள் வெளியே தெரிந்தன. ஆளுக்குப் பத்துச் சங்காவது பொறுக்குங்கள், அறிவியல் அறையில் வைப்போம் என்று சொன்னவன் நானே. பிள்ளைகள் சோற்று டப்பாவிலும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் நிரப்பிக்கொண்டார்கள். செங்கல்பட்டைத் தாண்டும்போது ஒரு சிறுமி எழுந்து வந்து, 'சார், சங்கு நடக்குது சார்' என்றாள். நான் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னேன். காஞ்சிபுரம் வருவதற்குள் பேருந்தில் நாற்றம் தொடங்கிவிட்டது, வாலாஜாவுக்குள் தாங்க முடியாமல் போய்விட்டது. ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, எல்லாவற்றையும் சாலையோரத்தில் கொட்டச் சொன்னார். கொட்டியதில் பெரும்பகுதி உள்ளே நத்தையோ துறவி நண்டோ இருந்த ஓடுகள். சில அப்போதும் அசைந்துகொண்டிருந்தன. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில், இரவில், அவற்றைக் கொண்டு நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தச் சிறுமி ஊர் வரும்வரை பேசவில்லை. வெற்று ஓடு என்று நினைத்து நாம் எடுப்பதுகூடத் துறவி நண்டுக்குப் பிற்காலத்தில் வீடாகக்கூடியது என்பதை நான் அதன்பிறகுதான் படித்தேன்.

சட்டமும் இதில் வாய் மூடியிருக்கவில்லை. பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன, கடல் அட்டையும் அப்படியே. வற்றத்தில் மண்டபம், இராமேசுவரம் பக்கத்தில் நீருக்கு வெளியே தெரியும் பவளத் துண்டை நினைவுப் பொருளாக எடுத்து வருவது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாக இருக்கின்றன என்பதையும், நம் சுற்றுலாக் கூட்டத்தில் கேட்டவர் சிலரே.

'திடீரென' என்னும் சொல்லின்மேல் எனக்குள்ள மனத்தாங்கலுக்கு வேறொரு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது ஒரு பௌர்ணமி நாளில். அன்று பேரலைகளுக்கு நடுவே மாமல்லபுரம் போன்ற இடங்களில் கடல் வெகுதூரம் விலகிப் பாறைகள் வெளிப்பட்டன. அதைக் கண்டவர்களுக்கும் தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கும் கடல் உள்வாங்குவது என்றாலே அச்சம் வருவது இயல்பு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேரலைக்கும் நிலவுக்கும் தொடர்பில்லை. அது கடலடி நிலநடுக்கத்தால் வந்தது. ஓதம் வற்ற 6 மணி நேரத்துக்கும் சற்று மேல் ஆகும், பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு அது நகர்வதே தெரியாது. பேரலையின்போது கடல் சில நிமிடங்களில் விலகுகிறது, அல்லது விலகாமல் நேரே ஏறியும் வருகிறது. இன்ன நேரத்தில் வற்றம் என்று காலையில் செய்தித்தாளில் படித்த ஒருவர், அந்த நேரத்தில் பாறை தெரிந்தால் அஞ்ச மாட்டார். ஏற்றம் என்று அச்சிட்டிருக்கும் நேரத்தில் கடல் மளமளவென விலகினால், யாரும் சொல்லாமலே மேட்டை நோக்கி ஓடுவார். எல்லா உவா நாளிலும் 'திடீரென' என்று எழுதிக்கொண்டே இருந்தால், உண்மையிலேயே திடீரென நடக்கும் நாளில் அச்சொல்லை யார் பொருட்படுத்துவார்?

எங்கள் பாலாற்றைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். கருநாடகத்தில் நந்தி மலைப்பகுதியில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், வாலாஜா வழியாக வரும் பாலாறு, செங்கல்பட்டு மாவட்டத்தில் வயலூருக்கு அருகே கடலைச் சேர்கிறது. வட ஆற்காட்டு மண்ணும் ஓதமும் கைகோக்கும் இடம் அது. கழிமுகம் என்பது ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வந்து, வற்றத்தில் நன்னீர் வெளியே போகும் வாசல். இறால்கள் கடலில் முட்டையிடுகின்றன, குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிமுகத்துக்குள் புகுந்து, ஆழமில்லாத உவர்நீரில் வளர்ந்து கடலுக்குத் திரும்புகின்றன. மடவையும் கொடுவாயும் ஏறக்குறைய அவ்வழியே வளர்பவைதாம். மேலிருந்து ஆற்றுநீர் வராத ஆண்டுகளில், அலை கொண்டுவரும் மணல் அவ்வாசலை அடைத்துவிட, ஓதம் உள்ளே நுழைய முடிவதில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாங்கள் பாலத்தின்மேல் நின்று பார்த்தோம். அத்தகைய வெள்ளம் முகத்துவாரத்து மணலைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கிறது. தோல் தொழிற்கழிவை ஆற்றில் விட்டது எங்கள் கிணறுகளைக் கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய் 1996இல் தீர்ப்பும் வந்தது. ஆனால் அந்த ஆற்றின் கடைசியில் இறால் குஞ்சுக்கு ஒரு கதவு உண்டு என்ற பேச்சை நான் ஊர்க் கூட்டம் எதிலும் கேட்டதில்லை. வேலூர் மீன் அங்காடியில் கொடுவா என்ன விலை என்று கேட்கிற அளவோடு எங்கள் கடலறிவு நின்றுவிடுகிறது.

ஓத நேரத்தைக் கணக்கிடத் தங்கள் அலுவலகம் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணையை வெளியிடுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் ஓதக் கணிப்புகளைத் தருகிறது. 2007 முதல் ஆழிப்பேரலை எச்சரிக்கையும் அங்கிருந்துதான் வருகிறது. பஞ்சாங்கத்தைப்போல் ஓராண்டுக் கணக்கையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம். சென்னை, நாகப்பட்டினம், பாம்பன், தூத்துக்குடி என்று 4 ஊர்களுக்குப் போட்டால் தமிழகக் கரையில் பெரும்பகுதிக்கு அது உதவும். ஏற்றம் 2, வற்றம் 2 என ஊருக்கு 4 நேரங்கள். இடம் போதாது என்றால் வற்றத்தின் நேரத்தை மட்டும் போட்டாலும் போதும். ஒரே ஊரில் உவா நாட்களின் வற்றம் ஏறக்குறைய ஒரே மணியளவில்தான் வரும் என்பதால், சில மாதங்கள் தொடர்ந்து படிக்கும் வாசகருக்கு அந்நேரம் மனப்பாடமாகிவிடும்.

அப்பெட்டியை வேலூர்ப் பதிப்பிலிருந்து மட்டும் நீக்கிவிடாதீர்கள் என்று தனியே கேட்டுக்கொள்கிறேன். கடலே இல்லாத மாவட்டத்துக்கு இது எதற்கு என்று பக்கம் அமைக்கும் நண்பர் கேட்பார். நாகப்பட்டினத்து மீனவருக்கு வற்றத்தின் நேரம் செய்தித்தாள் பார்க்காமலே தெரியும். தை அமாவாசைக்கு முந்தைய இரவு, பித்தளைச் செம்பும் தர்ப்பையும் எடுத்துக்கொண்டு காட்பாடியில் இரயில் ஏறுகிறவருக்குத்தான் தெரியாது, அவர் மடியில் விரித்திருப்பதோ தங்கள் வேலூர்ப் பதிப்பு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.